முதுகைக் காட்டிய ஜட்ஜம்மா

சலூன்காரருக்கு வாய் ஓயாது என்பார்கள். இந்த சலூன் மாஸ்டர் விஷயத்தில் அது பாதி உண்மைதான். அவருக்கு வாயைவிடக் கண்தான் ஓயாது. கை வாடிக்கையாளரின் தலையில் இருக்கும், கண் எதிரே இருக்கிற பெரிய கண்ணாடியில் இருக்கும். புருவம் லேசாக நெளிந்தால் மிஷின் இழுக்கிறது. உதடு ஒரு பக்கம் கோணினால் காதோரம் பிடிக்கவில்லை. நாற்காலியில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் "இதோ, இதோ, சரி பண்ணிட்டேன்" என்பார். பின்னால் நின்றபடியே எத்தனையோ வருஷமாக ஊரார் முகத்தைப் பார்த்துப் பார்த்து, யார் வீட்டில் சண்டை, யாருக்குப் பல்வலி என்பதுவரை சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த மகளைப் பாருங்கள்! ஐந்து வயது. உருண்டை முகம், கத்தரித்த முடி, பார்த்தால் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். ஆனால் அந்த முகத்தில் ஒன்றும் ஓடாது. திட்டினாலும் அப்படியே பார்ப்பாள், மிரட்டினாலும் அப்படியே பார்ப்பாள். பக்கத்தில் ஒரு குழந்தை விழுந்து அலறினால் தாண்டிக்கொண்டு போய்விடுவாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தினமும் பேப்பர் படிக்கக் கடைக்கு வருவார். அவர்தான் பேர் வைத்தார். "இது குழந்தை இல்ல மாஸ்டர். தீர்ப்பு எழுதி வெச்சுட்டு வந்து உக்காந்திருக்கற ஜட்ஜம்மா." அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அன்றைக்கு விடாத மழை. மழை நாளில் எவன் முடி வெட்ட வருவான்? தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கடையில் தபால்காரர் ஒருத்தர்தான். அவருக்கு இரண்டு கன்னத்திலும் நுரை பூசி, ஒரு பக்கம் வழித்து முடிப்பதற்குள் போன் வந்தது. மழலையர் பள்ளி டீச்சர்.

"உடனே வந்து கூட்டிட்டுப் போங்க. நேர்ல பேசிக்கலாம்."

மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். பள்ளிக்கூடம் தெருக்கோடியில்தான். திரும்பி வரும்போது ஒரு கையில் குடை, மறு கையில் மகள், முகத்தில் ஈயாடவில்லை. தபால்காரர் போட்டது போட்டபடி நாற்காலியில் இருந்தார்.

"நுரை காஞ்சே போச்சு மாஸ்டர். கன்னம் இழுக்குது. என்னவாம்?"

"இவளையே கேளுங்க."

மாஸ்டர் மறுபடி நுரை குழைத்தார். ஜட்ஜம்மா ஈரச் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, பட்டாணியைச் சறுக்குமரத்திலேருந்து தள்ளினியா?" என்றார் மாஸ்டர். பட்டாணி என்பது அவள் வகுப்பிலேயே பொடியனாக இருக்கிற பையன்.

"தள்ளினேன்."

"ஏன்?"

"மெதுவா ஏறினான்."

"மெதுவா ஏறினா தள்ளிடுவியா? முட்டி சிராய்ச்சுப் போச்சே அவனுக்கு!"

"ஆமா. ரத்தம் வந்துச்சு."

"அழுதானா?"

"அழுதான்."

"நீ மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்பாடா!" மாஸ்டருக்குப் பாதி உயிர் வந்தது. "அதையாவது செஞ்சியே. எப்பக் கேட்ட?"

"தள்றதுக்கு முன்னாடி."

தபால்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் மாஸ்டர் பிளேடை எடுத்துவிட வேண்டியதாயிற்று. "அட்வான்ஸ் மாஸ்டர்! அட்வான்ஸ் மன்னிப்பு!" என்று தொடையைத் தட்டினார். மாஸ்டருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணாடியில் மகளைப் பார்த்தார். இரண்டு பேரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை, விளங்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை. மாஸ்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கன்னத்தை வழித்தார்.

டீச்சர் சொன்னது காதிலேயே நின்றது. "நானும் எவ்வளவோ பொறுத்துப் பாத்துட்டேங்க. இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா என்னால வெச்சுக்க முடியாது. மத்த குழந்தைங்க அம்மா அப்பாவுக்கு நான் பதில் சொல்லணும்." ஏற்கெனவே ஒரு பள்ளியில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் பக்கத்தில் வேறு இடமே இல்லை.

சாயங்காலம் மாஸ்டரின் மனைவி வந்தாள். அவள் பஸ் டிரைவர். சட்டைக் கையெல்லாம் மழையில் நனைந்திருக்க, வாசலிலேயே நின்று பிழிந்தாள்.

"எதிர்ல வர்ற லாரிக்காரன் கண்ணைப் பாத்தே அவன் திரும்பப் போறானா நேரா வரப் போறானான்னு சொல்லிடுவேன். பெத்த பொண்ணு என்ன நெனைக்கறான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குதே," என்றாள், விஷயத்தைக் கேட்டதும்.

"சின்னக் குழந்தைடி. போகப் போகச் சரியாயிடும்."

"இதையே சொல்லிட்டிருங்க நீங்க. போன வாரம் மாடிப்படில நான் விழுந்தேன்ல? காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், வலி உயிர் போகுது. பக்கத்துல வந்து நின்னா. சரி, பிள்ளை பதறிப்போய் வந்திருக்குன்னு நெனைச்சேன். 'எழுந்து ரொட்டி குடு'ங்கறா." அவள் குரல் உடைந்தது. "அவளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையாங்க?"

உள்ளே ஜட்ஜம்மா சூப்பில் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேரட்டை மட்டும் பொறுக்கித் தட்டோரம் அடுக்கியிருந்தாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று.

குழந்தைகள் மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா ரொம்ப நேரம் ஜட்ஜம்மாவோடு தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கினாள். நடுவில் மேஜை டிராயரில் விரல் மாட்டிக்கொண்டதுபோல "ஆ!" என்று கத்தினாள். மாஸ்டர் பதறி எழுந்தார், அவர் மனைவியும் எழுந்தாள். ஜட்ஜம்மா தலை நிமிரவில்லை. அடுத்த கட்டையை எடுத்து வைத்தாள். இந்தம்மா நடித்தாளா, நிஜமாகவே மாட்டிக்கொண்டாளா என்று மாஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"ஒரே ஒரு தடவை," என்றாள் மனைவி. "'முடிஞ்சுதா?'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் எனக்குக் கையே எழும்பல."

டாக்டரம்மா சிரிக்காமல் தலையாட்டினாள். "சில குழந்தைங்க இப்படி இருக்காங்கம்மா. அடுத்தவங்க பயம், வலி இதெல்லாம் நமக்குச் சட்டுனு கண்ணுல படும். இவங்களுக்குப் படாது. தண்டனைன்னா பயமும் கிடையாது. அதனால மிரட்டறது, உருட்டறது எதுவும் வேலைக்காகாது."

"நாங்க வளர்த்ததுல ஏதாவது..." என்று இழுத்தார் மாஸ்டர்.

"உங்க குத்தம் இல்ல. குழந்தை குத்தமும் இல்ல. ஆனா வேலை இருக்கு. தப்புப் பண்ணும்போது பிடிக்கறதை விட்டுட்டு, நல்லது பண்ணும்போது கையும் களவுமா பிடிங்க. பிடிச்ச அந்த நிமிஷமே கொண்டாடுங்க. இவங்களுக்குத் திட்டு ஏறாது, சந்தோஷம் ஏறும். அப்புறம் முகம் பாக்கச் சொல்லிக் குடுங்க. கண்ணைப் பாக்கச் சொல்லுங்க. இது பயம், இது வலி, இது வருத்தம்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லணும். எழுத்து சொல்லிக் குடுக்கற மாதிரிதான்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"மெதுவா வரும். எவ்வளவு வரும்னு இப்பவே சொல்ல மாட்டேன். விடாம கூட்டிட்டு வாங்க, டீச்சர்கிட்டயும் நான் பேசறேன்."

வெளியே வந்ததும் மாஸ்டருக்கு மார்பு விரிந்தது. "முகம் பாக்கச் சொல்லித் தரணுமாம்! கேட்டியா? அது நம்ம தொழிலாச்சே! இந்த ஊர்ல என்னைவிட்டா ஆள் யாரு?"

"ரொம்ப ஆடாதீங்க," என்றாள் மனைவி. ஆனால் அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

பாடம் கடையிலேயே தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் ஜட்ஜம்மா வந்துவிடுவாள். நாற்காலிக்குப் பின்னால், மாஸ்டருக்கு வலது பக்கத்தில், ஒரு முக்காலி போட்டு அவளை ஏற்றி நிறுத்தினார். முதல் பாடத்துக்குத் தபால்காரரைத் தவிர யார் சம்மதிப்பார்கள்?

"என் முகம் என்னய்யா பாடப் புத்தகமா?" என்று அவர் முதலில் முறுக்கிக்கொண்டார். அப்புறம் பார்த்தால் துணி போர்த்தி உட்கார வைத்ததும் அவருக்குள் இருந்த நடிகர் எழுந்துவிட்டார். கோபம் என்றால் பல்லை நறநறத்தார். வருத்தம் என்றால் மூக்கை உறிஞ்சினார்.

"இது என்ன முகம்?" என்றார் மாஸ்டர்.

"தாத்தாவுக்கு வயிறு சரியில்ல," என்றாள் ஜட்ஜம்மா.

"நான் வருத்தமா இருக்கேம்மா!"

"எனக்குத் தெரியல."

"நடிக்காதீங்க, சும்மா இருங்க," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் சவரக் கத்தியில் புதுப் பிளேடு போட்டார். தொண்டைப் பக்கம் கொண்டுபோனார். தபால்காரருக்கு எவ்வளவு வருஷமானாலும் தொண்டையில் கத்தி என்றால் ஆகாது. "கண்ணாடில பாரும்மா. கண்ணைப் பாரு. என்ன ஆகுது?"

ஜட்ஜம்மா கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். "கண்ணு பெருசாச்சு."

"அப்புறம்?"

"தொண்டை மேல போய்க் கீழ வருது. கை நாற்காலியைப் பிடிச்சுக்குது."

"அதுக்குப் பேர்தான் பயம். சொல்லு."

"பயம்."

"சபாஷ்டி என் ராஜாத்தி!" மாஸ்டர் கத்தியை வைத்துவிட்டு, தபால்காரரை இறக்கிவிட்டு, மகளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். ராட்டினம் போலச் சுற்றியது. ஜட்ஜம்மா சிரித்தாள்! பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"எனக்கென்ன பயம்?" என்று தபால்காரர் பாதி நுரையோடு ஓரமாக நின்று முனகினார். "சும்மா எச்சில் முழுங்கினேன்." அவர் பேச்சை யார் கேட்டார்கள்?

சுற்று முடிந்ததும் மாஸ்டர் அவளை மறுபடி முக்காலியில் ஏற்றினார். "ஆள் பயந்தா என்ன பண்ணணும் தெரியுமா? கையை எடுத்துடணும். அது நம்ம கடைச் சட்டம். பயந்தவன் அசைவான், அசைஞ்சா வெட்டிடும். முகத்துல பயம் தெரிஞ்சா கை கீழ. புரியுதா?"

"பயம்னா கை கீழ," என்றாள் ஜட்ஜம்மா.

அதற்கப்புறம் கடையில் ஒரே கூத்துத்தான். முடி வெட்ட வருகிறவர்களுக்கெல்லாம் முதுகுப் பக்கமிருந்து ஒரு குட்டிக் குரல் தீர்ப்புச் சொல்லும். "இவருக்கு வலிக்குது." "இவருக்குக் கூச்சம்." "இவர் தூங்கறார்." ஒருநாள் ஒரு புது மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தான். "அப்பா, இவருக்குப் பயம். ஆனா நீ இன்னும் கத்தியே எடுக்கல," என்றாள். கடையே சிரித்தது, மாப்பிள்ளையும் சிரித்தான். சரியாகச் சொன்னால் ஒரு சுற்று. தப்பாகச் சொன்னால் திட்டு கிடையாது, மறுபடி பார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் போய்ப் பெண்டாட்டியிடம் அளந்த அளப்புக்கு எல்லையே இல்லை.

"வீட்ல என் முகத்தை அவ பாக்கறதே இல்லையேங்க," என்றாள் அவள்.

"வரும்டி, வரும். கடையில எப்படிப் பாக்கறா தெரியுமா!"

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நாள். இத்தனை நாள் அடைந்து கிடந்த தலைகளெல்லாம் ஒன்றாக வந்து பெஞ்சில் காத்திருந்தன. மத்தியானம் டீச்சரிடமிருந்து போன் வந்தது. மாஸ்டர் கத்தரியைப் போட்டார். வாடிக்கையாளர்களிடம் என்ன சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. தெருக்கோடிவரை நடந்தாரா ஓடினாரா என்பதும் தெரியாது. முடிந்தது, இன்றோடு முடிந்தது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

டீச்சர் அறையில் பட்டாணியின் அம்மா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். பேக்கரி வைத்திருப்பவள். முழங்கைவரை மாவு ஒட்டியிருக்க, அப்படியே வந்திருந்தாள். ஜட்ஜம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அதே முகம்.

"சாப்பாட்டு நேரங்க," என்று டீச்சர் ஆரம்பித்தாள். "பட்டாணி டப்பாவைத் திறந்தான். இவ போய்ப் பக்கத்துல நின்னா. இவளைப் பாத்ததுமே அவனுக்கு அழுகை வந்துடுச்சு. சரி, அதை விடுங்க. அவன் அழ அழ இவ என்ன பண்ணினா தெரியுமா? திரும்பி முதுகைக் காட்டிக்கிட்டு ஜன்னல் கண்ணாடியில அழகு பாத்துக்கிட்டு நிக்கறா! ரொம்ப நேரம். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பல. பையன் இன்னும் மிரண்டுபோயிட்டான்."

"எம்பிள்ளை அழறது அவளுக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?" என்றாள் பேக்கரி அம்மா. "ராத்திரியெல்லாம் தூக்கத்துல உளறான். போன தடவை முட்டி. அதுக்கு முன்னாடி டப்பாவையே பிடுங்கிட்டுப் போயிட்டா. எனக்கு மட்டும் ஆசையா, ஒரு குழந்தையைத் துரத்தணும்னு? ஆனா எம்பிள்ளையை நான் பாக்கணும்ல?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மாஸ்டருக்கு அது தெரிந்தது. அதுதான் அதிகம் வலித்தது. அவர் மகளிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா முதுகைக் காட்டின?"

"முகம் பாத்தேன்."

"உன் முகத்தையா?"

"ம்ஹூம். பட்டாணி முகத்தை."

"பட்டாணி உனக்குப் பின்னாடில்ல இருந்தான்?"

ஜட்ஜம்மா, இவ்வளவு மக்காக இருக்கிறாரே இந்த மனுஷன் என்பதுபோல அப்பாவைப் பார்த்தாள். "கண்ணாடி ஜன்னல்லதானே இருக்கு? கண்ணாடி இல்லாம எப்படி முகம் பாக்கறது?"

மாஸ்டர் நெற்றியில் பளீரென்று அடித்துக்கொண்டார். "ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்! தப்பு என்னுதுங்க டீச்சர், சத்தியமா என்னுது!" கண்ணாடி, முக்காலி, தபால்காரர், சுற்று என்று எல்லாவற்றையும் கொட்டினார். "பின்னாடி நின்னே பாத்துப் பழகினவன் நான். முகம்னா கண்ணாடில இருக்கறதுன்னு பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். நேருக்கு நேர் பாக்கச் சொல்லித் தரணும்னு இந்த மரமண்டைக்குத் தோணவே இல்லைங்க!"

டீச்சர் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அது சிரிப்பா அதிர்ச்சியா என்று தெரியவில்லை. பேக்கரி அம்மா மட்டும் மசியவில்லை.

"நல்லாத்தான் கதை சொல்றீங்க. இவ நிஜமாவே பாத்தாளா? இந்தாம்மா, எம்பிள்ளை முகத்துல அப்படி என்ன பாத்த?"

"கண்ணு பெருசாச்சு," என்றாள் ஜட்ஜம்மா. "கீழ் உதடு ஆடுச்சு. முட்டையை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டான். பயம்."

"பாத்துட்டு?"

"எனக்கு முட்டை வேணும். ஆனா பயம்னா கை கீழ. அதனால எடுக்கல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "எடுத்திருக்கலாம். மெதுவாத்தான் மூடினான்."

பேக்கரி அம்மா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். "முட்டையைச் சாப்பிட்டானா அவன்?"

"முழுசும் சாப்பிட்டான்," என்றாள் டீச்சர். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்ததுபோல இருந்தது. "இவ அவன்மேல கையே வெக்கல. நான்தான் அதைப் பாக்கல." அப்புறம் மாஸ்டரிடம், "கொஞ்சம் வெளிய இருங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிட்டுக் கூப்பிடறோம்," என்றாள்.

வராந்தாவில் குழந்தைகளின் செருப்புகள் வரிசையாக இருந்தன. குட்டி பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்தார், முட்டி இரண்டும் தாடையைத் தொட்டன. கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, வார்த்தை பிடிபடவில்லை. பேக்கரி அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பெண்டாட்டிக்கு என்ன சொல்வது? இந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுவது? முட்டையை எடுக்காமல் விட்டாளே என் மகள், அது எவ்வளவு பெரிய காரியம் என்று யாருக்குப் புரியவைப்பது? அவர் இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ஜட்ஜம்மா எதிரே வந்து நின்றாள். கண்ணாடி ஒன்றும் அங்கே இல்லை. சுற்றுமுற்றும் தேடிவிட்டு, வேறு வழியில்லாமல், குனிந்து நேராக அவர் முகத்துக்குள் பார்த்தாள். மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில்.

"அப்பா, உனக்குப் பயம்."

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"தொண்டை மேல போய்க் கீழ வருது," என்றாள்.

"ஆமாம்மா."

"எனக்குப் பயமே இல்ல." அவள் பெருமையாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். பெஞ்சைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தாள், ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அந்த இடத்தில் தன் கையை வைத்தாள். "இதைப் பிடிச்சுக்கோ."

கடைச் சட்டம் கையை எடுக்கத்தான் சொன்னது. கொடுக்கச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மாஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். காலையில் தின்ற ரொட்டியின் பிசுபிசுப்பு இன்னும் அதில் இருந்தது. அவர் அழுதார். சந்தோஷத்தில்தான் அழுதார்.

கதவு திறந்தது. முதலில் வந்தவள் பேக்கரி அம்மா. மாஸ்டரையும், அவர் கண்ணையும், அந்தக் கையையும் பார்த்தாள்.

"நாளைக்கு எம்பிள்ளைகிட்ட ரெண்டு முட்டையா குடுத்து அனுப்பறேன்," என்றாள் வெடுக்கென்று. "ஒண்ணு அவனுக்கு. இன்னொண்ணை இவ கேட்டு வாங்கணும். அவன் முகத்தை நேராப் பாத்துக் கேக்கணும். முதுகைக் காட்டினா கிடையாது."

பின்னாலேயே வந்த டீச்சர் சிரித்தாள். "இவளை எப்பவும்போல அனுப்புங்க மாஸ்டர். முகம் பாக்க நானும் கத்துக்கறேன்."

மாஸ்டர் துள்ளி எழுந்தார். இரண்டு பேரையும் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிடுவதற்காகக் கையை இழுத்தார், வரவில்லை. ஜட்ஜம்மா இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"விடும்மா. அதான் எல்லாம் சரியாயிடுச்சே."

அவள் அண்ணாந்து அவர் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தாள்.

"இருப்பா. இன்னும் கொஞ்சம் பயம் பாக்கி இருக்கு," என்று சொல்லிவிட்டு, கையை விடாமல் அவரை வாசல்பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.